மூன்றாவது கியரைத் தேய்த்தது யார்

மெக்கானிக் தன் ஆள்காட்டி விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். கியர் பாக்ஸிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயில் அதில் வழிந்துகொண்டிருந்தது. வெயிலில் விரலைத் திருப்பினார். ஆயிலுக்குள் ஏதோ மினுமினுத்தது.

"இது என்னான்னு தெரியுதா?"

"இரும்புத் தூளு."

"மூணாவது கியரோட பல்லு. யாரோ தெனமும் கடிச்சுக் கடிச்சுத் துப்புறாங்க."

அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை என்று நினைத்தேன். அந்த லாரியை ஓட்டியவர்கள் இரண்டே பேர். காலையில் நான், மதியத்துக்கு மேல் இன்னொரு டிரைவர். நான் தேய்க்கவில்லை.

விருத்தாசலத்தில் இருக்கிற செராமிக் யூனிட் ஒன்றுக்குக் களிமண் ஏற்றுகிற வண்டி அது. திட்டக்குடிப் பக்கம் போய் லோடு ஏற்றிக்கொண்டு வந்து யூனிட் களத்தில் கொட்ட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு நடை. ரொம்பப் பழைய வண்டி. இப்போது வருகிற லாரிகளில் கிளட்சை ஒருமுறை மிதித்து லீவரைத் தள்ளினால் கியர் வெண்ணெய் மாதிரி விழும். உள்ளே சுற்றுகிற பற்களின் வேகத்தை வண்டியே சரிசெய்துகொள்ளும். எங்கள் வண்டியில் ஓட்டுபவன்தான் அதைச் செய்ய வேண்டும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, இன்ஜின் சத்தம் இறங்குகிற வரை பொறுத்து, மறுபடி மிதித்து அடுத்த கியருக்குத் தள்ள வேண்டும். கியர் இறக்கும்போது நடுவில் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் பல்லும் பல்லும் உரசிக் கர்ரென்று கத்தும். எந்த நொடி என்பதை எந்த மீட்டரும் காட்டாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் நான் அப்படித்தான் ஓட்டினேன். அந்த வண்டியை என்னைத் தவிர யாராலும் ஒழுங்காக ஓட்ட முடியாது என்று எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருந்தேன்.

இன்னொரு டிரைவர் நல்லூர்க்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். வருவதற்கு முன் ஸ்கூல் பஸ் ஓட்டியவர். வந்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. கியர் சுலபமாக விழுகிற வண்டி ஓட்டிப் பழகிய கை அது. இதைத் தவிர வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

ஆனாலும் சந்தேகம் ஒரு இடத்தில் நிற்காது. அவர் ஏறியதும் ஈரத் துணியால் ஸ்டியரிங்கையும் டாஷ்போர்டையும் துடைப்பார். எதையோ மறைக்கிற ஆள்தான் இப்படித் துடைப்பான் என்று தோன்றியது. மதியம் சாவி மாற்றும்போது தினமும் ஒரே கேள்வி கேட்பார்.

"கியரு எப்டி இருக்குதுண்ணா?"

"நல்லாத்தான் இருக்குது."

"மூணாவது?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது தம்பி."

தான் செய்த சேதம் எனக்குத் தெரிந்துவிட்டதா என்று ஆழம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பேசுவதும் வாய்க்குள்ளேயே பேசுவார். பாதி வார்த்தையை விழுங்கிவிடுவார். அந்தச் சமயத்தில் யூனிட்டில் நிறையப் பேர் அப்படித்தான் பேச ஆரம்பித்திருந்தார்கள். நான் பக்கத்தில் போனால் குரல் தணிந்துவிடும். ஒருநாள் ஓனரும் அவரும் ஆபீஸ் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் களத்திலிருந்து வருவதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஓனர் சிரித்து ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. நானும் சிரித்துவைத்தேன். அன்று முழுக்க அந்தச் சிரிப்பையே நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டினேன். என்னை இறக்கிவிட்டு முழு வண்டியையும் அவர் கையில் கொடுக்கப்போகிறார்கள் என்று முடிவு செய்துவிட்டேன்.

கையும் களவுமாகப் பிடிக்க நினைத்தேன். திட்டக்குடி ரோட்டில் ஒரு இடத்தில் வரிசையாக மூன்று வேகத்தடை இருக்கும். லோடு வண்டி அங்கே நான்காவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு இறங்கியே ஆக வேண்டும். பக்கத்தில் ஒரு டீக்கடை. ஒரு மதியம் பைக்கைக் கடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டுத் தட்டிக்கு மறைவில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் லாரி வந்தது. வேகம் குறைந்தது. அவர் தோள் அசைந்தது தெரிந்தது, கியர் மாற்றுகிறார். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். எந்தச் சத்தமும் இல்லை. வண்டி ஏறி இறங்கிப் போய்விட்டது.

டீக்கடை அம்மாவிடம் கேட்டேன். "இப்பப் போன வண்டில கியர் மாத்தும்போது சத்தம் ஏதாச்சும் கேட்டுச்சாங்க?"

"இல்லீங்களே. இந்தத் தம்பி நைசா ஓட்டும். காலைல ஒருத்தரு வருவாரு பாருங்க..." என்று தொடங்கியவர் பாய்லர் பக்கம் திரும்பி மீதியைச் சொன்னார்.

"ஆங்?" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லீங்க, டீ போடட்டுமா?" என்றார்.

பைக்கை அந்த டிரைவர் பார்த்துவிட்டார், அதனால்தான் அவ்வளவு ஜாக்கிரதையாக ஓட்டினார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டீக்கடை அம்மாவும் தினமும் அவருக்கு டீ கொடுக்கிறவர்தானே, எப்படி உண்மையைச் சொல்வார் என்றும் நினைத்தேன். டீ குடிக்காமலே திரும்பினேன்.

மறுநாள் காலை ஓனரிடம் போய், "அந்தத் தம்பி மூணாவது கியர நாசம் பண்றாரு சார். நேத்து ரோட்ல நானே நின்னு கேட்டேன்" என்றேன்.

நான் எதையும் கேட்கவில்லை. அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் சொல்லும்போது பொய் சொல்கிற மாதிரி இல்லை. நடக்கிற விஷயம்தானே, நான் போன நேரத்தில் நடக்கவில்லை, அவ்வளவுதான் என்று மனசு சமாதானம் சொன்னது.

ஓனர் அவரை லாரியிலிருந்து இறக்கிக் களிமண் களத்துக்கு அனுப்பினார். மண்ணைக் காயப்போடுகிற ஆட்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. அன்று சாயங்காலம் அவர் என்னைத் தேடி வந்தார்.

"ஓனருகிட்ட என்னாண்ணா சொன்னீங்க?"

"உள்ளதச் சொன்னேன்."

"நான் கியர் கடிக்கிறத நீங்க காதால கேட்டீங்களா?"

"கேட்டேன்."

சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்து நானும் நிமிர்ந்து நின்றேன். "சரிண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார். சண்டை போடாமல் போனதும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. குற்றம் இல்லாதவன் இப்படிப் போவானா?

அதன் பிறகு இரண்டு நடையும் நானே ஓட்டினேன். உடம்பு அசந்தாலும் மனசு நிறைவாக இருந்தது. வண்டி அமைதியாகிவிட்டது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். மூன்று வாரம் கழித்து மெக்கானிக் பழைய ஆயிலை இறக்கினார். தட்டில் ஊற்றி அதில் ஒரு காந்தத்தை விட்டு எடுத்தார். காந்தம் முழுக்க முள் முளைத்த மாதிரி தூள் ஒட்டியிருந்தது. முன்பைவிட அதிகம்.

"இப்ப ரெண்டு நடையும் யாரு?" என்றார்.

"நான்தான். ஆனா அவருகிட்ட இன்னொரு சாவி இருக்குது போல. நான் வூட்டுக்குப் போனப்புறம் எடுக்குறாரு."

மெக்கானிக் காந்தத்தைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இவரும் அந்தப் பக்கமோ என்று ஒரு நொடி தோன்றியது.

புது ஆயில் ஊற்றச் சொன்னேன். அன்றிலிருந்து யூனிட் காம்பவுண்டில் வண்டியை நிறுத்தியதும் முன் டயரிலிருந்து தரை வரைக்கும் சாக்பீஸால் ஒரு கோடு இழுப்பேன். டயர் ஒரு அங்குலம் உருண்டாலும் கோடு விலகிவிடும். டிரைவர் பக்கக் கதவின் கைப்பிடியிலிருந்து, பாடியோடு சேர்ந்த பக்கக் கண்ணாடிக் கம்பிக்கு ஒரு தையல் நூலைக் கட்டுவேன். காலையில் வந்ததும் குனிந்து கோட்டைப் பார்ப்பேன், நூலைப் பார்ப்பேன். ஒரு வாரம் இப்படிச் செய்தேன். கோடு நேராகவே இருந்தது. நூலும் அறுபடவில்லை. ஏதோ தந்திரம் செய்கிறார் என்று நினைத்து ஒருநாள் நூலின் நிறத்தையும் மாற்றிப் பார்த்தேன்.

வாரக் கடைசியில் மெக்கானிக் மறுபடியும் காந்தத்தை விட்டார். மறுபடியும் தூள்.

"இந்த வாரம் வண்டியத் தொட்டது யாரு?"

"யாரும் தொடல. கோடு போட்டு வச்சிருந்தேன், நூலு கட்டியிருந்தேன். நான் மட்டும்தான்..."

சொல்லிக்கொண்டு வந்தவன் பாதியில் நிறுத்தினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் காந்தத்தைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீடு யூனிட்டுக்குப் பக்கத்தில், மேம்பாலம் இறங்குகிற இடத்தில் இருக்கிறது. என் மனைவி வேறொரு யூனிட்டில் அகல் விளக்குகளை ஈர ஸ்பாஞ்சால் தேய்த்து வழவழப்பாக்குகிற அரை நாள் வேலைக்குப் போகிறாள். நான் எப்போது வீட்டுக்குள் நுழைந்தாலும் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும். அன்று தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். சும்மா ஏதாவது கேட்க வேண்டும் என்று, "நான் வர்ற நேரம் ஒனக்கு எப்டிக் கரெக்டாத் தெரியுது?" என்றேன்.

"வண்டி பாலம் ஏறும்போதே தெரிஞ்சிடும். ஒடனே ஒல வச்சிடுவேன்."

"அந்தப் பாலத்துல நூறு வண்டி ஏறுது."

"நம்ம வண்டிதானே கர்ருன்னு பல்லக் கடிக்கும். வாசல்ல நின்னாலே கேக்குதே."

என் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "அந்தத் தம்பி ஓட்டிக்கிட்டு வரும்போதும் கேக்குமா?"

"அவரு ஓட்டினா கேக்காது. அத வச்சுத்தான் வர்றது நீங்களா அவரான்னு கண்டுபிடிப்பேன்."

இவளும் அவர்களோடு சேர்ந்துவிட்டாளா? உண்மையிலேயே அப்படி ஒரு எண்ணம் வந்தது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. "எவ்ளோ நாளா?" என்று கேட்டேன்.

"ஒரு வருஷம் இருக்கும்."

"ஒரு வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னேனே. ரெண்டு வாட்டி சொன்னேன். நீங்க டிவியப் பாத்துக்கிட்டே தலைய ஆட்டுனீங்க. அந்த டிவிய எவ்ளோ சத்தமா வைக்கிறீங்கன்னு எதிர் வூட்டுக்காரங்க சண்டைக்கே வந்தாங்க. அதுகூட ஒங்களுக்குத் தெரியாது."

ஒரு வருஷம் என்றால், நல்லூர்க்காரர் வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே. சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் மெக்கானிக்கை வண்டியில் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். "கியர் கடிக்கிற ஒவ்வொரு வாட்டியும் கையத் தூக்குங்க. வாயால ஒண்ணும் சொல்லாதீங்க" என்றேன். லோடு இல்லாத வண்டி. பாலக்கரை தாண்டி, மணிமுத்தாற்றுப் பாலம் ஏறினோம். என் உடம்பில் உள்ள எல்லாக் கவனத்தையும் சேர்த்து ஓட்டினேன். இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளினேன். சுத்தமாக விழுந்தது என்றுதான் நினைத்தேன். ஓரக்கண்ணில் அவர் கை மேலே போனது தெரிந்தது. அடுத்த தடவை இன்னும் நிதானமாக மாற்றினேன். மறுபடியும் கை. மூன்றாவது தடவை கை போகவில்லை. நான்காவது தடவை போனது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அவர் கை மேலே போகிறபோதெல்லாம் கியர் லீவரைப் பிடித்த என் உள்ளங்கையில் எறும்பு ஓடுகிற மாதிரி ஒரு அதிர்வு ஓடியது. அந்த அதிர்வு ரொம்ப நாளாகவே இருந்தது. வண்டிக்கு வயசாகிவிட்டது என்று அதை அர்த்தம் பண்ணி வைத்திருந்தேன்.

வண்டியை ஓரம் கட்டினேன்.

"ஒங்களுக்கு நெஜமாவே கேக்கலியா?" என்றார்.

"இன்ஜின் கேக்குது. ஹாரன் கேக்குது. நீங்க சொல்ற அந்தச் சத்தம் மட்டும் கேக்கல."

காது டாக்டர் என் தலையில் ஒரு கருவியை மாட்டி, கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தார். சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். முதலில் நிறைய அமுக்கினேன். பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். கட்டையான சத்தமெல்லாம் கேட்கிறது, மெல்லிய சத்தங்கள் போய்விட்டன என்றார். வருஷக்கணக்காக லாரியின் இரைச்சலில் இருந்தது காரணமாக இருக்கலாம் என்றார். மற்றவர்கள் பேசுகிற சத்தம் கேட்கும், ஆனால் வார்த்தை தெளிவாக விழாது என்றும் சொன்னார். "எல்லாரும் வாய்க்குள்ளயே பேசுற மாதிரி இருக்குமே?" என்று அவரே கேட்டார். நம்பாமல் பெரியாஸ்பத்திரிக்கும் போய் இன்னொரு டெஸ்ட் எடுத்தேன். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள்.

ஓனரிடம் போனேன். "அன்னைக்கு ரோட்ல நின்னு கேட்டேன்னு சொன்னேன்ல சார். நான் ஒண்ணும் கேக்கல. கடிச்சது நான்தான். எனக்குக் காது போயிடுச்சு."

ஓனர் கையில் இருந்த பேனாவை வைத்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன். "எனக்கும் கொஞ்ச நாளா சந்தேகம்தான். கூப்பிட்டா திரும்ப மாட்டேன்றீங்க. அவமானப்படுத்துற மாதிரி ஆயிடுமேன்னு கேக்கல" என்றார். பிறகு, "அந்தத் தம்பிகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றார்.

நல்லூர்க்காரர் களத்தில் நின்றுகொண்டிருந்தார். முழங்கால் வரை வெள்ளையாகக் களிமண் தூசி. பக்கத்தில் போய், ஓனரிடம் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்ணா" என்றார். என் முகத்துக்கு நேராக நின்று, சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"தெரிஞ்சா அப்பவே சொல்லிருக்கலாமே தம்பி."

"சொல்லிருந்தா நம்பியிருப்பீங்களா? ஒங்க வண்டியப் புடுங்கப் பாக்குறேன்னு நெனச்சிருப்பீங்க. தெனமும் கேட்டேனே, மூணாவது எப்டி இருக்குதுன்னு. நல்லாருக்குதுன்னே சொன்னீங்க. அதுக்கு மேல நான் என்னா பேச முடியும்?"

"தப்புதான். டீ சாப்ட்டுக்கிட்டே பேசலாம், வாங்க."

"களத்துல ஆளுங்க இருக்காங்க. அப்புறம் பாக்கலாம்ணா."

மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த "அப்புறம்" வரவே இல்லை. அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? ஒரு மாதத்துக்கு மேல் வெயிலில் மண்ணில் நிற்கவைத்தவன் நான்.

மெக்கானிக் மூன்றாவது கியரைக் கழற்றி வேறு போட்டார். வண்டி நல்லூர்க்காரர் கைக்குப் போனது. நானாகத்தான் இறங்கிக்கொண்டேன், யாரும் சொல்லவில்லை. காதுக்கு மெஷின் வாங்கினேன். முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தபோது என் செருப்புச் சத்தமே என்னைத் துரத்துகிற மாதிரி இருந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்தேன். டாக்டரிடம் திரும்பவும் காட்டி, ஓட்டலாம் என்று அவர் எழுதிக் கொடுத்த பிறகு, யூனிட்டின் சின்ன லோடு வண்டியை எடுத்தேன். கியர் சுலபமாக விழுகிற புது வண்டி. அகல் விளக்குகளையும் ஃபியூஸ் கட்டைகளையும் வைக்கோல் போட்டு அடுக்கி, திட்டக்குடிக்கும் நல்லூருக்கும் கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

சந்தேகம் மட்டும் மெஷின் மாட்டியதும் போய்விடவில்லை. இரண்டு பேர் தள்ளி நின்று பேசினால் இன்றும் என் பெயர்தான் அடிபடுகிறது என்று மனசு பரபரக்கும். பழக்கமாகிவிட்டது. ஒருநாள் மெஷினின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு ஓனரும் கணக்குப்பிள்ளையும் பேசுவதை ஒட்டுக்கேட்டேன். மழை வந்தால் காயாத மண்ணை எங்கே மூடிவைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வெட்கத்தோடு சத்தத்தைக் குறைத்துக்கொண்டேன்.

நல்லூர்க்காரர் என்னிடம் தேவைக்குத்தான் பேசுவார். வணக்கம் வைப்பார், நானும் வைப்பேன். அப்படியே நான்கைந்து மாதம் போனது. போன வாரம் களத்தில் நான் விளக்குப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். அவர் லாரியின் பின்பக்கப் பலகையான டெயில்போர்டின் கொக்கி வளைந்து மாட்டிக்கொண்டது என்று பின்னால் நின்று சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று என் பக்கம் திரும்பி, "அண்ணா, வண்டிய ரெண்டடி பின்னால எடுங்க, செவுத்துக்கு முட்டுக் குடுத்தாதான் இது நிமிரும்" என்றார். சாவி லாரியிலேயே இருந்தது.

நான் தயங்கினேன். "நானா?"

"வேற யாரு இருக்கா இங்க?"

ஏறி உட்கார்ந்தேன். இன்ஜினை எடுத்து, கிளட்சை முழுக்க மிதித்து, உள்ளே சுற்றுகிற பற்கள் ஓயட்டும் என்று காத்திருந்தேன். உள்ளங்கையை லீவரின் மேல் இறுக்காமல் வைத்தேன். தள்ளினேன். ரிவர்ஸ் விழுந்தது. கையில் அதிர்வு எதுவும் இல்லை, மெஷினிலும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் பக்கக் கண்ணாடியில் அவர் முகத்தைத் தேடினேன். கியர் கடிக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பதற்காகத்தான் என்னை ஏறச் சொன்னாரா, இல்லை உண்மையிலேயே ஆள் இல்லாமல்தான் கூப்பிட்டாரா என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவர் சுவரையும் டெயில்போர்டையும் மட்டும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரலாம், வரலாம்" என்று பாடியைத் தட்டினார். "இன்னும் ஒரு அடிண்ணா."

இன்னும் ஒரு அடி எடுத்தேன்.